தோண்ட மறுக்கும் ரோபோ: நிலவு மண் போட்டிக்கான பிழை நீக்கும் வழிமுறை

ரோபோ தோண்டவில்லை என்றதும் அணிக்குள் மூன்று குரல்கள் எழும். மோட்டார் போதவில்லை என்பார் ஒருவர். நிரலில் பிழை என்பார் இன்னொருவர். பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம் என்பார் மூன்றாமவர். மண்ணைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இந்த வழிமுறை அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காகவே எழுதப்படுகிறது. முதலில் மண்ணைப் பாருங்கள், அடுத்து விசையை, அதன்பின் மின்சாரத்தை, கடைசியாக நிரலை. மண்ணில் தொடங்கிய கோளாறு எரிந்த ஃப்யூஸாகவோ, தாண்டிய சங்கிலியாகவோ, தானாக அணைந்த கணினியாகவோ வேறோர் இடத்தில்தான் தலைகாட்டும். தலைகாட்டிய இடத்தைப் பழுதுபார்த்தால் அடுத்த சுற்றில் அது மறுபடியும் வரும்.

நான் மனதில் வைத்திருப்பது நாசாவின் லூனபாட்டிக்ஸ் போட்டி. ஃப்ளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் 2010இல் தொடங்கிய மாணவர் போட்டி இது. 2014 முதல் சில ஆண்டுகள் 'ரோபோட்டிக் மைனிங் காம்படிஷன்' என்ற பெயரில் செவ்வாயைக் களமாக வைத்து நடந்தது. பிறகு நிலவுக்கும் பழைய பெயருக்கும் திரும்பியது. பல ஆண்டுகள் ரோபோவுக்கு 80 கிலோ உச்ச எடையும், தொடக்கத்தில் 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 0.75 மீட்டர் உயரம் என்ற அளவும், 10 நிமிடச் சுற்றும் விதியாக இருந்தன. அண்மை ஆண்டுகளில் தோண்டிய மண்ணைக் கொண்டு மேடு கட்டுவதே பணியாகியிருக்கிறது. விதிகள் ஆண்டுதோறும் மாறும் என்பதால் உங்கள் ஆண்டின் விதிப்புத்தகத்தையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

இந்தப் பணி எளிதன்று. இதற்கு முன்னோடியான நாசாவின் ரெகோலித் (நிலவின் மேற்பரப்புப் பொடிமண்) தோண்டும் சவாலில் 2007இலும் 2008இலும் பரிசு பெற ஒருவரும் தகுதி பெறவில்லை. 2009இல்தான் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தைச் சேர்ந்த பால்ஸ் ரோபாட்டிக்ஸ் அணி ஐந்து லட்சம் டாலர் முதல் பரிசை வென்றது. எனவே உங்கள் ரோபோ முதல் சோதனையிலேயே திணறினால் மனம் தளர வேண்டியதில்லை.

சோதனை மண்ணில் தோண்டியது, போட்டிக் களத்தில் தோண்டவில்லை

மிகப் பரவலான அறிகுறி இதுதான். பல அணிகள் இதைக் கடைசி நாளில்தான் கண்டுபிடிக்கின்றன. காரணம் பெரும்பாலும் நீங்கள் பழகிய மண்.

ஆற்று மணலும் கடற்கரை மணலும் நீரில் உருண்டு தேய்ந்தவை. நிலவில் ஓடும் நீரும் இல்லை, வீசும் காற்றும் இல்லை. விண்கற்கள் மோதி நொறுங்கிய துகள்கள் கூர்முனை தேயாமல் அப்படியே கிடக்கின்றன. சராசரியாக நூறு மைக்ரானுக்கும் கீழான அளவுள்ள அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன. போட்டியில் பல ஆண்டுகள் பயன்பட்ட பிபி-1 என்ற செயற்கை மண், அரிசோனாவில் உள்ள பிளாக் பாயின்ட் எரிமலைக் குழம்புப் பாறையின் குவாரிக் கழிவு. நொறுக்கிய பசால்ட் என்பதால் அதன் துகள்களும் கூர்மையானவை.

அடுத்தது அடர்த்தி. பிபி-1 களத்தை அணிகளுக்குத் தரும்போது மேலே 2 செ.மீ. மண் கிளறிவிடப்பட்டு, கன செ.மீ.க்கு சுமார் 0.75 கிராம் அடர்த்தியில் பஞ்சு போல இருக்கும் என்றும், அதற்குக் கீழே 1.5 முதல் 1.8 கிராம் வரை இறுக்கப்பட்டிருக்கும் என்றும் சில ஆண்டு விதிகள் குறிப்பிட்டன. இது உண்மையான நிலவைப் பின்பற்றியது. அப்போலோ அளவீடுகளின்படி நிலவில் முதல் 15 செ.மீ. மண்ணின் அடர்த்தி சராசரி 1.5 கிராம், 30 முதல் 60 செ.மீ. ஆழத்தில் அது 1.74. கேட்கச் சிறிய வேறுபாடுதான், ஆனால் 1971இல் அப்போலோ 15 வீரர்கள் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் துளையில் சிக்கிய மண்மாதிரிக் குழாயை வெளியே எடுக்க இருவருமாகச் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அடர்த்தி ஏற ஏற துகள்கள் நகர இடமில்லாமல் போகிறது. வெட்டும் விசை கடுமையாக ஏறுவது அதனால்தான்.

நீங்கள் சோதிக்கும் மண் எப்படிப்பட்டது என்று பார்க்க ஒரு மூடியில்லாத தகர டப்பா போதும். கொள்ளளவு தெரிந்த டப்பாவைக் கவிழ்த்து மண்ணுக்குள் அழுத்துங்கள். பக்கவாட்டு மண்ணை விலக்கி, அடியில் ஒரு தகட்டைச் செருகி, நிமிர்த்தி, விளிம்புக்கு மேல் உள்ளதை வழித்துவிட்டு நிறுங்கள். ஒரு லிட்டர் டப்பாவில் 1.3 கிலோ மட்டுமே இருந்தால் நீங்கள் இதுவரை பஞ்சில் பழகியிருக்கிறீர்கள். மண்ணை ஐந்து ஐந்து செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் தட்டி இறுக்குங்கள். முழுக் குழியையும் நிரப்பிவிட்டு மேலிருந்து மிதித்தால் அடியில் இறுகாது.

மாற்று மண் தேடுவோருக்கு என் பரிந்துரை கல் குவாரியில் கிடைக்கும் கிரஷர் பொடி. பிபி-1ம் அடிப்படையில் அதே வகைப் பொருள்தான். நிலவின் மேட்டுநிலப் பகுதியைப் போன்ற மண் வேண்டும் என்றால் அனார்த்தோசைட் பாறை தேவை. சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தையும் உலாவியையும் சோதிக்க இஸ்ரோ தயாரித்த செயற்கை நிலவு மண்ணுக்கான அந்தப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதியிலிருந்துதான் சென்றது. ஆனால் தோண்டும் சோதனைக்கு வேதியியலைவிடத் துகளின் வடிவமும் அளவும் இறுக்கமுமே முக்கியம். அந்தப் பாறைக்காகக் காத்திருந்து பருவத்தை வீணாக்க வேண்டாம்.

இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாத ஓர் எச்சரிக்கை உண்டு. நொறுக்கிய பாறைப் பொடியில் படிகச் சிலிக்கா இருக்கும்; அதைச் சுவாசித்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெடும். என்95 அல்லது அதைவிட மேலான முகக்கவசம், கண்ணாடி, மூடிய உடை ஆகியவை இல்லாமல் யாரும் குழியருகே போகக் கூடாது. கைக்குட்டை கட்டிக்கொள்வது பாதுகாப்பாகாது.

பக்கெட் மண்ணைக் கடிக்கவில்லை; ரோபோவின் முன்பக்கம் மேலே எழும்புகிறது

மண்ணை நீங்கள் கீழே தள்ளும் அதே விசையில் மண் உங்களை மேலே தள்ளுகிறது. ரோபோ எழும்பினால் பக்கெட்டின் செங்குத்து விசை, முன்பக்கத்தில் விழும் எடையைத் தாண்டிவிட்டது என்று பொருள். உடனே எடை சேர்க்கத் தோன்றும். அது கடைசி வழியாக இருக்கட்டும். பல ஆண்டு விதிகளில் ரோபோவின் ஒவ்வொரு கிலோவுக்கும் புள்ளி குறையும்.

முதலில் பக்கெட்டின் குதிகாலைப் பாருங்கள். வெட்டும் விளிம்புக்குப் பின்னால் இருக்கும் அடிப்பகுதியைத்தான் குதிகால் என்கிறேன். அங்கே வண்ணப் பூச்சோ மார்க்கர் மையோ பூசிவிட்டு ஒரு முறை தோண்டுங்கள். மை தேய்ந்திருந்தால் விளிம்பு மண்ணுக்குள் போவதற்கு முன்பே குதிகால் தரையில் இடிக்கிறது. பக்கெட் வெட்டவில்லை, மண்ணை அழுத்தி இன்னும் இறுக்குகிறது. விளிம்பு செல்லும் பாதைக்கும் அடித்தகட்டுக்கும் இடையே சில பாகை இடைவெளி வரும்படி பக்கெட்டின் பொருத்தத்தைத் திருத்துங்கள். பணம் செலவாகாத இந்தத் திருத்தம் பல ரோபோக்களைக் காப்பாற்றும்.

குதிகால் சரியாக இருந்தால் விளிம்பின் சாய்வைப் பாருங்கள். தகடு செங்குத்தாக நின்றால் மண்ணைத் தள்ளும். கிடைமட்டத்தோடு 30 முதல் 45 பாகையில் நுழைந்தால் சீவும். சாய்ந்த தகட்டின் மீது ஏறும் மண்ணின் எடை அதைக் கீழே இழுத்துக்கொள்ளவும் செய்யும்.

அதுவும் சரியென்றால் ஒரு வெட்டின் ஆழத்தைக் குறையுங்கள். வெட்டும் விசையில் துகள்களின் உராய்வால் வரும் பங்கு ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. துகள்களின் ஒட்டலால் வரும் பங்கு ஆழத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. ஆகவே ஆழத்தைப் பாதியாக்கினால் விசை பாதிக்கும் காலுக்கும் இடையே எங்கோ வந்து நிற்கும். அகலத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய பாதிதான் குறையும். மெல்லிய வெட்டுகளை வேகமாக எடுப்பது எப்போதும் லாபம். கென்னடி மையத்தின் ஸ்வாம்ப் வொர்க்ஸ் ஆய்வகம் உருவாக்கிய ராஸர் ரோபோ இந்த எண்ணத்தை இறுதிவரை கொண்டுபோனது. அதன் முன்னும் பின்னும் உள்ள உருளைகள் எதிரெதிர் திசையில் சுழல்கின்றன. ஒவ்வொன்றிலும் உள்ள சிறு சிறு அகப்பைகள் முறைவைத்து மெல்லிய சீவலை எடுக்கின்றன. முன் உருளையின் இழுவிசையைப் பின் உருளை ஈடுகட்டிவிடுவதால் ரோபோ தன் எடையை நம்பித் தோண்ட வேண்டியதில்லை.

இதன் முக்கியத்துவம் நிலவை நினைத்தால் புரியும். 80 கிலோ ரோபோ ஃப்ளோரிடாவில் தரையை ஏறத்தாழ 785 நியூட்டனால் அழுத்துகிறது. நிலவில் அதே ரோபோவின் அழுத்தம் 130 நியூட்டன் மட்டுமே. மண்ணின் துகள்களோ அங்கேயும் அதே கூர்மையோடு கொக்கி போட்டிருக்கும். எடையைக் கூட்டிப் போட்டியில் வெல்ல முடியலாம், ஆனால் அந்த இயந்திரம் நிலவில் தோண்டாது. மெல்லிய வெட்டு, சரியான சாய்வு, ஈடுகட்டிய விசை என்ற பாதையில் வந்த வடிவமைப்பையே நான் மதிக்கிறேன்.

சக்கரம் சுழல்கிறது, ரோபோ நகரவில்லை

வேகத்தைக் கூட்டாதீர்கள். சுழலும் சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். நிறுத்திவிட்டு, வந்த தடத்தில் மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள். தோண்டும் கை தரையைத் தொட்டு ரோபோவைத் தள்ளக்கூடிய வடிவமைப்பாக இருந்தால் அதையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தடத்தைப் படியுங்கள். சக்கரத்தின் பிடிப்புத் தகடுகளின் அச்சு மண்ணில் தெளிவாகத் தனித்தனியாகப் பதிந்திருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. அச்சு நெருங்கி இழுபட்டு மங்கியிருந்தால் வழுக்கல். இரண்டு அச்சுகளுக்கு இடையேயான தூரத்தை அளந்து, சக்கரத்தில் தகடுகளுக்கு இடையேயுள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் வழுக்கல் எத்தனை விழுக்காடு என்பதே கிடைத்துவிடும். இதற்குச் சென்சார் எதுவும் தேவையில்லை.

வழுக்கல் அதிகமென்றால் பிடிப்புத் தகடுகளின் உயரத்தைக் கூட்டுங்கள். மேலடுக்கு 2 செ.மீ. தளர்வான பொடி என்றால், 1 செ.மீ. தகடு அந்தப் பொடியைக் கலக்குவதோடு நின்றுவிடும். சேற்று வயலில் டிராக்டருக்குப் பூட்டும் கேஜ் வீல் செய்யும் வேலையைத்தான் இந்தத் தகடுகளும் செய்கின்றன. தளர்ந்த மேலடுக்கைக் கடந்து உறுதியான அடியடுக்கை உதைத்து முன்னேற வேண்டும். தகடுகள் மிக நெருக்கமாக இருந்தால் இடையில் மண் அடைத்துக்கொண்டு சக்கரம் வழவழப்பான உருளையாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். அகலத்தைக் கூட்டுவதா விட்டத்தைக் கூட்டுவதா என்ற கேள்வி வந்தால் விட்டம் என்பேன். பெரிய சக்கரத்துக்கு முன்னால் குவியும் மண் குறைவு. அப்போலோ ஊர்தியின் கம்பிவலைச் சக்கரம் ஏறத்தாழ 82 செ.மீ. விட்டமும் 23 செ.மீ. அகலமும் கொண்டது. காற்றடைத்த டயர், நுரை அடைத்த டயர் இரண்டுக்கும் போட்டி விதி இடம் தரவில்லை.

இழுவிசையை ஒரு முறையாவது எண்ணாகப் பாருங்கள். ரோபோவை ஒரு கயிற்றால் தொங்கு தராசோடும், தராசை ஓர் உறுதியான தூணோடும் கட்டுங்கள். இறுக்கிய மண்ணின் மேல் ரோபோவை முன்னே ஓட்டுங்கள். சக்கரம் வழுக்கத் தொடங்கும் கணத்தில் தராசு 30 கிலோ காட்டினால், உங்கள் ரோபோவால் மண்ணை இழுத்துத் தோண்ட முடிந்த உச்ச அளவு அதுதான். பக்கெட்டுக்கு அதைவிட அதிக விசை வேண்டும் என்றால் எந்த மோட்டாரும் உதவாது.

தோண்டும் மோட்டார் நின்றுவிடுகிறது

கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் அல்லது மோட்டார் கன்ட்ரோலர் தரும் மின்னோட்டப் பதிவு இல்லாமல் இந்த அறிகுறியைத் தீர்க்க முயல்வது நேர விரயம். பதிவு கையில் இருந்தால் காரணம் நான்கு வழிகளில் பிரியும்.

மின்னோட்டம் உச்சத்தில், சுழற்சி இல்லை: ஏதோ சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் கல். செவ்வாய்க் களமாக நடந்த ஆண்டுகளில் 30 செ.மீ. மண்ணுக்கு அடியில், பனிக்கட்டிக்கு மாற்றாகச் சுமார் 2 செ.மீ. அளவுள்ள சரளைக்கல் போடப்பட்டது. நுண்மண்ணுக்காக மட்டும் வடிவமைத்த குறுகிய இடைவெளிகளில் அந்தக் கல் ஆப்பு போல இறங்கும். நகரும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் இடையேயான இடைவெளி, கல் நுழையவே முடியாத அளவு சிறிதாகவோ தங்குதடையின்றிக் கடந்துபோகும் அளவு பெரிதாகவோ இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஆபத்து. மின்னோட்டம் வரம்பைத் தாண்டினால் கால் சுற்று பின்னோக்கிச் சுழன்று மறுபடி முயலும் சிறு நிரலும் எழுதி வையுங்கள்.

மின்னோட்டம் அதிகம், சுழற்சி மெதுவாக: சுமை அதிகம். வெட்டு ஆழத்துக்குத் திரும்பிப் போங்கள். மோட்டாரை மாற்றுவதைவிட கியர் விகிதத்தை மாற்றுவது மலிவு.

மின்னோட்டம் குறைவு, மோட்டார் சுழல்கிறது, உருளை சுழலவில்லை: அச்சையும் உருளையையும் பிணைக்கும் 'சாவி' என்ற சிறு உலோகத் துண்டு உடைந்திருக்கிறது அல்லது செட் ஸ்க்ரூ என்ற பிடிதிருகாணி தளர்ந்திருக்கிறது. அச்சிலும் உருளையிலும் மார்க்கரால் ஒரே கோடாகக் குறியிட்டு வைத்தால், இனி எந்த வழுக்கலும் கண்ணுக்குத் தெரியும்.

மின்னோட்டமே இல்லை: கம்பி, கனெக்டர், ஃப்யூஸ், எமர்ஜென்சி ஸ்டாப். இந்த வரிசையிலேயே மல்டிமீட்டரோடு போங்கள். குறைந்தது 40 மி.மீ. விட்டமுள்ள சிவப்பு நிறுத்துபொத்தானை எளிதில் எட்டும் இடத்தில் வைப்பது விதி. அந்தப் பொத்தான் அரைகுறையாக அழுந்தியிருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சங்கிலி பல்சக்கரத்தைத் தாண்டுகிறது

பக்கெட்டுகளைச் சங்கிலியில் கோர்த்த வகை ரோபோக்களின் தனி நோய் இது. சங்கிலி தளர்ந்துவிட்டது என்று நினைத்து இறுக்குவார்கள், நோய் முற்றும். உண்மையில் பல்லின் அடிக்குழிகளில் நுண்மண் அடைந்து கல்லாக இறுகி, சங்கிலியை மேலே தூக்கியிருக்கும். பல்சக்கரம் அந்த அளவுக்குப் பெரிதானது போலாகி, இறுக்கம் ஏறி, கடைசியில் சங்கிலி தாண்டும்.

சக்கரத்தைக் கழற்றிப் பல்லின் அடியைச் சுரண்டிப் பாருங்கள். மண் கட்டி கட்டியாக வந்தால் நோய் உறுதி. அடிக்குழிகளின் பக்கவாட்டில் மண் பிதுங்கி வெளியேற வழி வெட்டுங்கள். முழுதாக மூடிய உறை போட்டிருந்தால் அதன் அடிப்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். உள்ளே வரும் மண்ணை முழுதாகத் தடுக்க முடியாது. வந்தது வெளியே போக வழி இருக்க வேண்டும். எண்ணெய் மட்டும் போடாதீர்கள். எண்ணெயும் கூர்முனைத் துகளும் சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். சங்கிலி உலர்ந்தே ஓடட்டும், பத்து நிமிடச் சுற்றுக்கு அது தாங்கும்.

மண் பக்கெட்டை விட்டு விழவில்லை

முதலில் ஈரம். ஃப்ளோரிடாவின் மே மாதக் காற்றும் சரி, நம் கடலோர நகரங்களின் காற்றும் சரி, நுண்பொடியை மெல்ல ஈரமாக்கும். சோதனை மண்ணை வெயிலில் காயவைத்துவிட்டு மறுபடி பாருங்கள். காய்ந்த மண்ணும் ஒட்டினால் கோளாறு பக்கெட்டின் வடிவத்தில்.

உள்ளே செங்கோண மூலைகள் இருந்தால் மண் அங்கே அடைந்து மீதியைப் பிடித்துக்கொள்ளும். மூலைகளை வளைவாக்குங்கள். அடியைவிட வாய் அகலமாக இருக்கட்டும். கொட்டும்போது பக்கெட்டின் தரை எத்தனை பாகை சாய்கிறது என்று அளந்து பாருங்கள். நிலவு மண்ணின் உள் உராய்வுக் கோணம் 30 முதல் 50 பாகை வரை போகும் என்பதால், 45 பாகையில் நின்றுவிடும் பக்கெட்டிலிருந்து பாதிதான் விழும். 60க்கு மேல் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் உச்சியில் வைத்து மோட்டாரை முன்னும் பின்னும் சிறிது உலுக்குங்கள். சுற்றியுள்ள காற்றை எடுத்து ஊதித் தள்ளுவது நிலவில் நடக்காத வேலை; பல ஆண்டு விதிகள் ரோபோ தானே சுமந்துவரும் வாயுவால் ஊதவே இடம் தந்தன.

ஆக்சுவேட்டர் பாதியில் நிற்கிறது

நீண்டும் சுருங்கியும் பக்கெட்டைத் தூக்கி இறக்கும் ஆக்சுவேட்டரின் தண்டைத் துடைத்து விரலால் தடவுங்கள். நெடுக்காகக் கீறல் இருந்தால் சீலுக்குள் துகள் போய்விட்டது. துணி அல்லது ரப்பர் மடிப்புறை போடுங்கள், தண்டு வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். இரண்டு பக்கமும் ஓர் ஆக்சுவேட்டர் வைத்திருந்தால், ஒன்று முந்தி மற்றது பிந்திச் சட்டத்தை முறுக்குகிறதா என்று நீள அளவீட்டைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

தோண்டத் தொடங்கியதும் கணினி அணைந்து மறுபடி தொடங்குகிறது

நிரலில் மணிக்கணக்கில் தேட வேண்டாம். பேட்டரியின் உள் மின்தடையும் கம்பிகளின் தடையும் சேர்ந்து 0.06 ஓம் என்று வையுங்கள். மோட்டார் சிக்கி 80 ஆம்பியர் இழுத்தால் 4.8 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட் பேட்டரியில் கணினிக்கு மிஞ்சுவது 7.2 வோல்ட், அது அணைந்துதான் போகும். கணினிக்கும் ரவுட்டருக்கும் தனிச் சிறு பேட்டரி கொடுங்கள், அல்லது 24 வோல்ட்டுக்கு மாறுங்கள். மோட்டார் கம்பியைத் தடிமனாக்கிக் குறுக்குவதும் உதவும். ஆனால் 80 ஆம்பியர் ஏன் வந்தது? அந்தக் கேள்வி உங்களைச் சிக்கிய கல்லுக்கோ ஆழமான வெட்டுக்கோ திருப்பி அழைத்துப்போகும்.

வெப்பத்தால் கன்ட்ரோலர் நின்றாலும் இதே போலத்தான் தெரியும். வேறுபாடு நேரத்தில். வோல்டேஜ் சரிவு உடனே நிகழும். வெப்பம் சில நிமிடம் கழித்து வரும். தூசியைத் தடுக்க இறுக மூடிய பெட்டிக்குள் மின்விசிறி வைப்பது பயனற்றது. கன்ட்ரோலரை நேரே அலுமினியச் சட்டத்தோடு பொருத்தி வெப்பத்தைக் கடத்துங்கள். தூசியும் வெப்பமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1973இல் நிலவில் ஓடிய சோவியத் லூனாகோட் 2 சான்று. பள்ளத்தின் சுவரில் உரசிய மண் வெப்பத்தை வெளியேற்றும் பரப்பின்மேல் படிந்து, ஊர்தி சூடேறி முடங்கியது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது.

கேமராப் படம் உறைகிறது, அல்லது ஒன்றுமே தெரியவில்லை

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். படம் உறைந்தால் தொடர்பில் சிக்கல். படத்தின் அளவையும் வினாடிக்கு அனுப்பும் படங்களின் எண்ணிக்கையையும் குறைத்துப் பாருங்கள். அனுப்பும் தரவு மிகுந்தால் புள்ளி குறைக்கும் விதிகளும் இருந்திருக்கின்றன என்பதால் சிறிய கறுப்பு வெள்ளைப் படம் இரட்டை லாபம். ஆன்டெனா உலோகச் சட்டத்துக்குள் மறைந்திருந்தால் வெளியே உயர்த்துங்கள். பக்கெட்டைத் தூக்கும்போது மட்டும் தொடர்பு அறுந்தால் பக்கெட்தான் ஆன்டெனாவை மறைக்கிறது.

ஒன்றும் தெரியாவிட்டால் தூசி. 1972இல் அப்போலோ 17 ஊர்தியின் ஒரு மட்கார்டு உடைந்ததும் சக்கரம் எறிந்த மண் வீரர்கள் மேல் மழையாகக் கொட்டியது. வரைபடத் தாள்களை டேப்பால் ஒட்டி மாற்று மட்கார்டு செய்துகொண்டுதான் அவர்கள் பயணத்தைத் தொடர்ந்தார்கள். உங்கள் சக்கரங்களுக்கும் மட்கார்டு போடுங்கள். கேமராவைச் சக்கரத்துக்கும் தோண்டும் இடத்துக்கும் மேலே உயரத்தில் வையுங்கள். தோண்டும் நேரத்தில் லென்ஸை மூடும் சிறு மூடி எளிய தீர்வு.

தானியங்கி ஓட்டத்தில் ரோபோ வழி தவறுகிறது

ஜிபிஎஸ், திசைகாட்டி, அல்ட்ராசோனிக் சென்சார் ஆகியவற்றை விதி தடுக்கிறது. நிலவில் அவற்றை நம்பியிருக்க முடியாது. எனவே பெரும்பாலான அணிகள் சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடரை நம்பும். வழுக்கும் மண்ணில் என்கோடர் சொல்வது சக்கரம் சுழன்ற தூரம். ரோபோ நகர்ந்த தூரத்தை அது அறியாது. நேர் ஓட்டத்தில் பிழை சிறிது. நின்ற இடத்தில் திரும்பும்போது மிகப் பெரிது. இடதும் வலதும் எதிரெதிராகச் சுழலும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் மண்ணை வாரித் தள்ளுகின்றன. திரும்பும் கோணத்தைச் சுழற்சி உணரியிடம் (கைரோஸ்கோப்) விட்டுவிடுங்கள். நேர் தூரத்தை, களத்தில் தெரியும் குறியட்டையைக் கேமராவால் பார்த்து ஒவ்வொரு நடையிலும் திருத்திக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட ஏப்ரில்டேக் வகைக் குறியட்டைகள் இதற்கு நன்றாக உதவும். உங்கள் ஆண்டு விதி அவற்றைப் பொருத்த எங்கே இடம் தருகிறது என்று முன்கூட்டியே பாருங்கள்.

எல்லாம் ஓடுகிறது, எடை மட்டும் சேரவில்லை

ஒரு நடையை நிறுத்துகடிகாரத்தோடு பிரித்துப் பாருங்கள். தோண்ட 40 வினாடி, கொண்டுபோக 50, கொட்ட 25, திரும்ப 35 என்றால் ஒரு நடை 150 வினாடி. பத்து நிமிடத்தில் நான்கே நடை. நடைக்கு 15 கிலோ என்றால் மொத்தம் 60. தோண்டும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் நடை 130 வினாடியாகும். நான்கு நடை முடிந்து ஐந்தாவது நடையைக் கொட்டி முடிப்பதற்கு முன் மணி அடித்துவிடும். அதே 20 வினாடியைக் கூடுதலாகத் தோண்டச் செலவிட்டு நடைக்கு 20 கிலோ எடுத்தால் நடை 170 வினாடி. மூன்று முழு நடை முடிய 510 வினாடி ஆகும், மிஞ்சும் 90இல் நான்காவது நடை முடியாது. இரண்டும் பலன் தராது. ஓட்டத்தையும் கொட்டுவதையும் சேர்த்து 30 வினாடி குறைத்தால் நடை 120 வினாடியாகி ஐந்து நடை முடியும், 75 கிலோ சேரும். கடைசி நடையில் மண் ஏற்றாமல் திரும்பும் 35 வினாடியைக் கணக்கில் விடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் கணக்கில் அது ஒரு நடையைக் கூட்டாது, 130 வினாடி நடையிலோ அதை விட்ட பிறகும் வெறும் 15 வினாடி போதாமல் ஐந்தாவது நடை கைநழுவிவிடும். உங்கள் ரோபோவின் எண்களை இப்படி எழுதிவைத்துவிட்டு, எந்த மாற்றம் ஒரு முழு நடையைக் கூட்டும் என்று பார்த்து அதை மட்டும் செய்யுங்கள்.